கல்பட்டறைத் தெருவில் நிற்கிறவர்கள்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்திலேயே அஞ்சுகம் இதை எப்போதும் நடுவிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெருமுனையில் நின்று, சாலையில் மஞ்சள் பெயிண்டால் போட்டிருக்கும் வட்டங்களைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்பார்கள். அவளோ ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஒரு சங்கதியை வரிசையாகச் சொல்லிப் பழக்கமில்லாதவள். சிலிண்டர்காரர் நின்றது முந்தியா, அம்மன் சப்பரம் நின்றது முந்தியா என்று விரலை மடக்கிப் பார்ப்பாள், எதிர்வீட்டு லூர்துமேரியைக் கூப்பிட்டு "நான் சொல்றது சரிதானே?" என்பாள், சரிதான் என்று அவள் சொன்ன பிறகும், ஒருவேளை லூர்துவும் மறந்திருப்பாளோ என்று கவலைப்படுவாள். அவள் அஞ்சி அஞ்சி விட்டுவிடுகிறதையெல்லாம் சேர்த்து முதலிலிருந்து சொன்னால், அது சிமெண்டில் ஆரம்பிக்கிறது.

ஊருக்குத் தெற்கே, ரயில்வே மதிலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் கிளை பிரியாமல் நாடாவைப் போல நீண்டு கிடப்பது கல்பட்டறைத் தெரு. மேற்கே அது மதிலில் முட்டி முடிந்துவிடும். கிழக்கு முனையில் வைரம் வளர்க்கிற கம்பெனி, அதை ஒட்டி பஸ் போகிற சாலை, சாலையைத் தாண்டினால் புற்றுநோய் ஆஸ்பத்திரி. தெருக்காரர்கள் முன்பு மூக்குத்திக்கும் தோட்டுக்கும் போகிற கற்களுக்குப் பட்டை தீட்டினார்கள். கம்பெனி வந்த பிறகு அதே கையால் வைரத் தகடுகளுக்கு மெருகு போடுகிறார்கள், கூலியும் முன்னைக்கு இப்போது மேல். அந்தத் தகடு நகைக்கு ஆகாது. அடுப்பு போன்ற ஓர் இயந்திரத்துக்குள் வாயுவை விட்டு, தலைமுடி வளர்கிற மாதிரி மெல்ல மெல்ல வளர்த்தெடுத்து, நகத்தளவுக்கு நறுக்கி, இரண்டு பக்கமும் கம்பி சேர்த்து, கதிர்வீச்சு எவ்வளவு பாய்கிறது என்று அளக்கிற கருவிக்குள் வைப்பார்கள். தேறாத தகடுகளை இடித்து, அந்தத் தூளாலேயே அடுத்த தகடுகளுக்கு மெருகு போடுவார்கள். மிஞ்சிய தூள் வேட்டி மடிப்பிலும் சாப்பாட்டுத் தூக்கிலும் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேரும்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் புதுத் தளம் போட்டாலும், வீட்டுக்கு ஒரு பிடி கல் தூள் கொண்டுவந்து கலவையில் போடுவார்கள். தளம் மினுங்கும், அந்த வீட்டில் சண்டை தங்காது என்று நம்பிக்கை. நகராட்சி வந்து தெருவுக்கு சிமெண்ட் சாலை போட்டபோது, இது எல்லாருக்கும் பொதுத் தளம்தானே என்று எல்லா வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பிடியோடு வந்து நின்றார்கள். கலவை இயந்திரத்தை ஓட்டியவர் சிரித்துக்கொண்டே, "போடுங்க, போடுங்க, சர்க்கரை கம்மின்னு அப்புறம் சொல்லக்கூடாது" என்று வழிவிட்டார். அந்த வருஷத்துத் தூள் வைரத் தூள். சாலை ஏன் அப்படி ஆனது என்று கேட்கிறவர்களுக்கு இவ்வளவுதான் பதில். இதற்கு மேல் தெருவில் யாரும் தேடவில்லை, அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

சாலையை ஊறவைத்த நாள்கள் முடிந்து, சாக்கை எடுத்துத் திறந்துவிட்ட காலையில் முதலில் நின்றவர் சிலிண்டர் போடுகிற துரைக்கண்ணு. தோளில் சிலிண்டரோடு லூர்துமேரி வீட்டு வாசலுக்கு நேராக வந்தவர், ஓர் அடி எடுத்துவைத்தார், அடுத்த அடியை வைக்கவில்லை.

"என்னண்ணே, நான் சிலிண்டர் புக் பண்ணலையே," என்றாள் லூர்துமேரி.

"உனக்கு இல்லம்மா. ஒம்பதாம் நம்பர் வீட்டுக்கு."

"அப்பப் போங்களேன்."

"நான் போயிக்கிட்டுத்தாம்மா இருக்கேன். காலுதான் நிக்குது."

இரண்டு பேர் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், செருப்பைக் கழற்றிப் பார்த்தார்கள், காலைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். சாலை மட்டமாக, ஒரு பள்ளமும் இல்லாமல் பளபளவென்று கிடந்தது. ஆனாலும் அவர் குழிக்குள் இறங்கி நிற்கிறவரைப் போல நின்றார், அதனால் அன்றைக்கே அதற்குக் குழி என்று பெயர் வந்துவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "வலியா? கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டுச் சாஞ்ச மாதிரி இருக்கும்மா. போகணும்னுதான் இருக்கு, அவசரந்தான் இல்ல," என்றார். லூர்துமேரி சிலிண்டரை இறக்கி வைக்க ஆள் கூப்பிட்டு, அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். உச்சிவெயில் ஏறிச் சாலை சுட்டபோது, காய்ந்த புண்ணின் பொருக்கு உதிர்வதுபோல அவர் கால் தானாக விடுபட்டது. அவரும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குப் போய், தாமதத்துக்கு இரண்டு ஏச்சு வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு கீரைக்காரி நின்றாள், கீரை வாடுவதற்குள் தெருவே அவளிடம் வந்து வாங்கிப்போனது. தபால்காரர் நின்றார், ஆளாளுக்கு வந்து தங்கள் தபாலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வார்டு கவுன்சிலர் தன் பெயர் போட்ட கல்வெட்டைப் பார்க்க வந்து நின்றார், நின்ற இடத்தில் வெயில் ஏறும்வரை ஜனங்கள் சொன்ன குறையையெல்லாம் கேட்டார், அவ்வளவு நேரம் அவர் ஓரிடத்தில் காது கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று பேசிக்கொண்டார்கள். பங்குனித் திருவிழாவில் மாரியம்மன் சப்பரம் லூர்துமேரி வாசலில் நின்றது. அம்மனுக்கும் போகிற இடம் இருக்குமல்லவா? லூர்துமேரி பானகம் கரைத்துச் சப்பரம் தூக்கியவர்களுக்குக் கொடுத்து, "என் வாசலுக்கு வந்து நிக்கிறா, சும்மா அனுப்ப முடியுமா? மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றாள். எங்கும் போகாமல் திரிகிற நாய்களும், தூளியில் கிடக்கிற பிள்ளைகளும், வெறுமனே காற்று வாங்குகிறவர்களும் விழவில்லை. மாலையில் வேலை விட்டு வருகிறவர்களும் விழவில்லை. வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்ற நினைப்பில் அவர்கள் வருவார்கள், தவிப்பு இல்லாதவர்களைச் சாலை தொடுவதில்லை.

குழிகளில் லேசானவை வெயில் ஏறினால் விட்டுவிடும், ஆழமானவற்றுக்குக் காலைச் சுற்றி வெந்நீர் ஊற்ற வேண்டும். எல்லா வீட்டிலும் பிளாஸ்க் வாங்கினார்கள். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஓடுகிறான் என்று மற்றத் தெருக்களில் வாய்ப்பேச்சுக்குச் சொல்வதை இங்கே நிஜமாகவே செய்தார்கள். வெந்நீருக்கும் மசியாத குழி ஒன்றே ஒன்று இருந்தது, கிழக்கு முனைக்குச் சற்று முன்னால். அதில் நின்றவர் கல்யாணத் தரகர் பூவராகன். அவர் நின்ற செய்தி பரவியதும், அவரிடம் ஜாதகம் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காக அவரைத் தேடிக்கொண்டிருந்தவர்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள், தரகர் தப்பி ஓட முடியாத ஒரே இடம் உலகத்தில் இதுதான் என்றார்கள், அவரும் வேறு வழியில்லாமல் சொன்ன வரன்களை முடித்துக்கொடுக்க ஆரம்பித்து, பேரும் புகழுமாக ஆகிவிட்டார். அவர் தலைக்கு மேல் தகரக் கூரை போட்டு, சுற்றிலும் தட்டி கட்டி, ஒரு நாற்காலியும் போட்டுக்கொடுத்தார்கள்.

இத்தனை பேர் விழுந்தும் அஞ்சுகம் மட்டும் ஒரு தடவைகூட விழவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய பயமாகிவிட்டது. "எல்லாருக்கும் கொஞ்சங்கொஞ்சமாக் கொடுக்குது. எனக்கு மொத்தமாச் சேர்த்து வச்சிருக்கு," என்று சொல்லிக்கொண்டு மதிலை உரசியபடியே நடப்பாள். அவள் கிளம்புவதே அபூர்வம். கிளம்பினாலும் கேஸை மூடினோமா, பின்கதவைப் பூட்டினோமா, மோட்டாரை நிறுத்தினோமா என்று பாதித் தெருவில் திரும்பி ஓடிவருவாள். கோயிலில் கண்ணை மூடினால் அவளுக்குச் சாமி தெரியாது, வீட்டுப் பூட்டுதான் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் நாகப்பனோ அதற்கு நேர்மாறு. மெருகுப் பலகையில் உட்கார்ந்தபடியே போகிறவர் வருகிறவர் எல்லாரையும் ஒரு வார்த்தை சொல்லிச் சீண்டாமல் விடமாட்டார். அவர் வாயில் விழாத ஆள் தெருவில் கிடையாது. அந்த வாய்க்குப் பின்னால் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. குரல் முதலில் கரகரத்து, பிறகு தேய்ந்து, கடைசியில் வெறும் காற்றாகப் போனது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, கரண்ட் வைத்தால் சரியாகும் என்றார். கதிர் வைத்தியத்துக்கு அந்த ஊரில் கரண்ட் வைப்பது என்றுதான் பெயர்.

"ஆறு வாரம்மா. ஞாயித்துக்கிழமை தவிர ஒரு நாளும் விடக்கூடாது. காலையில குறிச்ச நேரத்துக்கு வந்திடணும். நடுவுல விட்டா அதுவரைக்கும் செஞ்சது வீணாயிடும்," என்றார்.

முதல் நாள் அஞ்சுகம் இரண்டு பிளாஸ்க் வெந்நீரோடு கிளம்பினாள். நாகப்பனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஆசை இல்லைதான், ஆனால் பிழைக்க ஆசை இருந்தது; சாலைக்கு அந்தத் தவிப்பு போதும். லூர்துமேரி வாசலிலேயே நின்றார். வெந்நீர் ஊற்றிக் கிளப்பினாள். நாலு வீடு தள்ளி மறுபடி நின்றார். அரச மரத்தடியில் நின்றபோது பிளாஸ்க் காலி, டீக்கடைக்காரர் கெட்டிலோடு ஓடிவந்து, டீ என்றும் பாராமல் ஊற்றினார். போய்ச் சேர்ந்தபோது அவர் முறை கடந்துவிட்டிருந்தது.

"நாளைக்கும் இப்படி வந்தீங்கன்னா என்கிட்ட வராதீங்க, டாக்டர்கிட்டயே பேசிக்கங்க," என்றாள் நர்ஸ்.

"தெரு விடலம்மா."

"எல்லாரும் தெருவுலதான் வர்றாங்க."

பெரிய மனசு பண்ணி எல்லாருக்கும் கடைசியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். காத்திருந்த நேரத்தில் அஞ்சுகம் கதவிடுக்கு வழியாக ஒன்று பார்த்தாள்: ஒரு கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர், அதற்குள் பேனா மாதிரி ஒன்றை இறக்கி, மூடிவிட்டு வெளியே வந்து, எண்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி வாசலில், தகடுகளைச் சோதித்துப் பார்க்கிற பெண் நிலோபர் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, அஞ்சுகம் லூர்துமேரியையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போய் வழிமறித்தாள்.

"பாப்பா, ஆஸ்பத்திரியில தண்ணித் தொட்டிக்குள்ள விடுற பேனாவுல இருக்கிறது நம்ம தகடா?"

"ஆமாக்கா. மெஷின் எவ்வளவு கொடுக்குதுன்னு அதை வச்சு அளப்பாங்க. அளந்த பிறகுதான் ஆளுக்கு வைப்பாங்க."

"அது தப்பா அளந்துச்சுன்னா?"

"அளக்காதுக்கா."

"அளந்துச்சுன்னா?"

நிலோபர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டாள். "இங்க பாருங்க. கதிர் பாயும்போது கல்லுக்குள்ள பொடிப்பொடியா மின்சாரம் கிளம்பும். பேட்டரி அதை ஒரு ஓரத்துக்கு இழுக்கும். ஓரத்துக்கு வந்து சேர்ந்ததை வச்சுத்தான் அளவு. ஆனா கல்லு வளரும்போதே உள்ள அங்கங்க குறை விழுந்திருக்கும். போறதுல கொஞ்சம் அதுல மாட்டி அங்கேயே நின்னுடும்."

"ஐயையோ. அப்ப அளவு குறையுமே."

"குறையும். அதுக்குத்தான் அளக்கிறதுக்கு முன்னாடி சும்மா கொஞ்ச நேரம் கதிரைக் காட்டுவோம். முதல்ல கிளம்புறது போய் அந்தக் குழியெல்லாம் ரொப்பிடும். பின்னால வர்றது விழக் குழி இருக்காது, நேராப் போயிடும். அப்ப அளந்தா சரியா இருக்கும்."

இன்றைக்குக் காட்டினார்களா, மறந்திருப்பார்களோ என்று அஞ்சுகம் அந்தக் கவலைக்குள் போய்விட்டாள். லூர்துமேரிதான் வாயைப் பிளந்து நின்றாள். "முதல்ல வர்றது குழியில நின்னுட்டா, பின்னால வர்றது நேராப் போயிடுமா?" என்று இரண்டு தரம் கேட்டாள், நிலோபர் ஆமாம் என்று சிரித்ததும், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தெரு முழுக்க வீடு வீடாகப் படியேறிக் கத்திக்கொண்டே போனாள்.

மறுநாள் காலையில் நாகப்பன் வெளியே வந்தபோது, தெருவின் எல்லாக் குழியிலும் ஆள் நின்றார்கள். முறை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சும்மா நிற்கலாம் என்று வந்தவர்களைச் சாலை பிடிக்கவில்லை. ரிட்டயரான டிராயிங் மாஸ்டர் மூன்று தடவை குழிமேல் நடந்தும் விழவில்லை, போய் உட்கார்ந்துவிட்டார். உண்மையாகவே கிழக்கே போகத் தவித்தவர்கள்தான் நின்றார்கள்: புதுப் படத்துக்குக் காலைக் காட்சி பிடிக்க நினைத்த பையன்கள், மகள் பிரசவத்துக்குப் பஸ் ஏற வேண்டிய சுலைகாம்மா, கடன் கேட்கப் போகிறவர், பெண் பார்க்கப் போகிறவர். அவரவர் தவிப்பை அவரவர் காலடியில் போட்டுக்கொண்டு நின்றார்கள். நாகப்பன் நடுவே நடந்தார், எதுவும் அவரைப் பிடிக்கவில்லை, மாப்பிள்ளை அழைப்பில் போகிறவரைப் போலப் போனார். அவரால் பேச முடியாது என்பது தெரிந்து, இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களெல்லாம் அன்றைக்குத் தீர்த்துக்கொண்டார்கள்.

"என்ன மாமா, இன்னைக்கு என் தொப்பையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"நாகப்பண்ணே, வாயைத் திறக்காம இருந்தா நீங்களும் பார்க்க லட்சணமாத்தான் இருக்கீங்க!"

"மச்சான், நான் மாட்டை வித்ததுல ஏமாந்தேன்னு சொன்னியே, இப்பச் சொல்லு பார்ப்போம்."

அவர் விரலை ஆட்டி, வந்து வைத்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டிக்கொண்டே போனார். பின்னால் போன அஞ்சுகத்துக்குச் சிரிப்பும் வந்தது, கேஸ் ஞாபகமும் வந்தது.

இப்படியே வாரங்கள் போயின. காலையில் நிற்பது தெருவுக்குப் பழகிவிட்டது. நிற்கிறவர்களுக்கு இட்லி கொண்டுவந்து கொடுப்பது, நின்றபடியே பேன் பார்ப்பது, பூக்கட்டுவது, சீட்டாடுவது எல்லாம் வந்தது. குழியில் நின்றதால் தாமதம் என்றால் கம்பெனியில் சம்பளம் பிடிப்பதில்லை. சண்டை போட்ட அண்ணன் தம்பி பக்கத்துப் பக்கத்துக் குழியில் நிற்க நேர்ந்து, வேறு பக்கம் போக முடியாமல் பேசிக்கொண்டார்கள். நாகப்பனின் கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது, கஞ்சி இறங்கச் சிரமப்பட்டார், ஆனாலும் கட்டி கரைகிறது என்று டாக்டர் சொன்னார். கரண்ட் முடியக் கடைசி வாரம் வந்தது.

அந்த வாரத்தில்தான் தெரு தள்ள ஆரம்பித்தது. முதலில் பால்காரரின் சைக்கிள் தானாக மேற்கே உருண்டது. மறுநாள் கிழக்கே நடக்கிறவர்களுக்கு எதிர்க்காற்றில் போகிற மாதிரி இருந்தது, ஆனால் மரத்தில் ஒரு இலை அசையவில்லை. அதற்கு மறுநாள் நாகப்பனை இரண்டு பேர் முதுகில் கைவைத்து முட்டுக்கொடுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கடைசி கரண்டுக்குப் போக வேண்டிய காலையில், தரகர் பூவராகனின் தகரக் கூரைக்கு அப்பால் யாராலும் ஓர் அடி வைக்க முடியவில்லை. போகிறவர்கள் எல்லாம் வழுக்கிப் பின்னால் வந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடம் அதோ கண்ணுக்கு எதிரே தெரிந்தது. நாகப்பன் வியர்த்துப்போய் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அஞ்சுகத்துக்கு அழுகை வந்துவிட்டது. "நான் அன்னைக்கே நினைச்சேன். கடைசியிலதான் வச்சிருக்கும்னு நினைச்சேன்."

பஸ் சாலைப் பக்கமிருந்து நிலோபர் வந்தாள். மேற்கே வருகிற அவளைத் தெரு இழுத்துக்கொண்டே கொண்டுவந்து விட்டது. குழிகளில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள், எல்லாரும் கிழக்கே முகம் வைத்து நின்றார்கள்.

"கல்லுக்குள்ளயும் இதேதான் ஆகும்," என்றாள். "மாட்டிக்கிட்டு நிக்கிறது எல்லாம் ஒரே பக்கம் போறதா இருந்தா, நாளாக ஆக, பின்னால வர்றதை அதுவே தள்ளிவிட ஆரம்பிச்சிடும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?" என்றாள் லூர்துமேரி.

"பேட்டரியைத் திருப்பிப் போடுவோம். எதிர்ப்பக்கம் போறது வந்து நின்னா சமமாயிடும்."

"காலங்காத்தால எதிர்ப்பக்கம் யாரும்மா போவா?" என்றார் பூவராகன். "எல்லாரும் இப்பத்தானே வீட்டைவிட்டு வந்தோம்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "ஆனா ஒண்ணு. தினம் இந்தம்மா என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும் எனக்குக் கால் லேசாகுது. நானும் யார்கிட்டயும் சொல்லல, தரகன் ஒரு மாதிரின்னு பேர் வந்துடும்னு," என்று அஞ்சுகத்தைக் கை காட்டினார்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க எங்க போறீங்க?" என்றாள் நிலோபர்.

"இதென்ன கேள்வி? ஆஸ்பத்திரிக்கு."

"மனசு எங்க இருக்கு?"

அஞ்சுகம் மேற்கே வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். லூர்துமேரிதான் சொன்னாள். "வேறெங்க இருக்கும்? கேஸ் அடுப்புல இருக்கும்!" அந்த நெருக்கடியிலும் தெரு முழுக்கச் சிரித்தது. குழியில் நின்றவர்கள் குழியிலேயே குலுங்கினார்கள். கிழக்கே கால், மேற்கே மனசு. அதனால்தான் இத்தனை நாளும் சாலை அவளைப் பிடிக்கவில்லை. காலையும் மனசையும் ஒரே பக்கம் திருப்பினால் பிடிக்கும். இந்நேரத்தில் வீட்டுக்குப் போகத் தவிக்கிற ஜீவன் தெருவிலேயே அவள் ஒருத்திதான்.

"நான் திரும்பிப் போறதா? இவர் தனியாவா?" அஞ்சுகம் கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "முகத்துல வலை மாதிரி மூடி போடுவாங்க. நான் கதவுகிட்ட நின்னாத்தான் பயப்படாம இருப்பாரு. உங்களுக்குத் தெரியாது." உண்மையில் யார் பயப்படாமல் இருப்பதற்காக அவள் கதவருகில் நின்றாள் என்பது நாகப்பனுக்குத் தெரியும். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். தோளைப் பிடித்து மேற்கே திருப்பினார். குரல் வராத வாயால் அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, 'பின்கதவு' என்றார்.

அவ்வளவுதான். பூட்டவில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பூட்டியது நிச்சயமாக ஞாபகம் இருந்தது, அந்த நிச்சயத்தின் மேல்தான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக நடந்தாள், மதிலோரம் போகவும் மறந்து நடுச்சாலையில் நடந்தாள், அரச மரத்தடிக்கு எதிரே, நாகப்பன் தாண்டிய பிறகு ஆள் விடுபட்டுக் காலியாகக் கிடந்த குழியில், கால் நின்றது.

இத்தனை நாள் அவள் நினைத்துப் பயந்தது போல இல்லை. துரைக்கண்ணு சொன்னது போலவும் இல்லை, அவள் கல்யாணச் சாப்பாட்டை ஒருநாளும் நிம்மதியாகச் சாப்பிட்டவளில்லை. நாளெல்லாம் தூக்கிக்கொண்டு நடந்த குடத்தை யாரோ பின்னாலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பின்கதவு அங்கேயே இருந்தது, பூட்டும் இருந்தது, பூட்டாவிட்டாலும் இருந்தது. அவள் பின்னால் தெரு முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. திரும்பிப் பார்க்க முடியாமல், மேற்கே பார்த்தபடி, "என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று கத்தினாள்.

"தள்ளலக்கா! கூரையைத் தாண்டிட்டாரு!"

"லூர்து கூட இருக்காளா?"

"கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகுது!"

"ரோட்டைப் பார்த்துத் தாண்டச் சொல்லுங்க, பஸ் வரும்!"

"பஸ்ஸையே நிறுத்திட்டாங்கக்கா. ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள போயாச்சு!"

அந்தக் களேபரத்தில் தரகர் பூவராகன் தன் கால் விடுபட்டிருப்பதைச் சற்றுத் தாமதமாகவே கவனித்தார். வெளியே வந்து உடம்பை முறித்து, பஸ் சாலை வரைக்கும் நடந்து பார்த்தார். பிறகு மத்தியானம் வருவதாகச் சொன்ன பெண்வீட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டு, தன் நாற்காலிக்கே திரும்பிவந்து உட்கார்ந்துவிட்டார்.

நாகப்பன் திரும்பி வந்தபோது கழுத்தில் யாரோ போட்ட மாலை இருந்தது. லூர்துமேரி பிளாஸ்க்கைத் திறந்து அஞ்சுகத்தின் காலடியில் சாய்க்கப்போனாள். அஞ்சுகம், "இரு, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்," என்றாள்.

கரண்ட் முடிந்து, தோல் புதிதாக வந்து, மறு சோதனையில் கட்டி இல்லை என்று சொன்ன பிறகு, நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்து, வேண்டுமானால் சாலையைப் பெயர்த்துவிட்டு வேறு போட்டுத் தருகிறோம் என்றார்கள். தெருவில் யாரும் அதற்கு ஒப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வேறு ஆட்கள் தெருவில் இருந்தார்கள், முறையும் பழகிவிட்டது, குழிகளைச் சுற்றி மஞ்சள் வட்டம் மட்டும் போட்டுக்கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் தவிக்க ஒரு ஆள் தினமும் வேண்டும், அதற்கு அஞ்சுகத்தை விட்டால் ஆளில்லை.

அவளும் தனக்கென்று ஒரு காரணம் வைத்திருந்தாள். எங்கே விழுவோமோ எப்போது விழுவோமோ என்று மதிலை உரசிக்கொண்டு காலம் தள்ளுவதைவிட, ஏற்கெனவே விழுந்தவளாக இருந்துவிட்டால் அந்தப் பயம் ஒன்றாவது தீரும் என்று கணக்குப் போட்டாள். அதனால் தெரு கிளம்புவதற்கு முன்பே எழுந்து, வாசல் தெளித்து, கொஞ்ச தூரம் கிழக்கே போய், கேஸை நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, தன் வாசலுக்கு நேரான குழியில் தானாகவே இறங்கி நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் முகம் வீட்டைப் பார்த்திருக்கும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நாகப்பன் அவளைப் பார்த்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்.

ஆடி பிறந்த ஒரு காலையில் அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார், தொண்டையைச் செருமினார், உள்ளே எட்டிப் பார்த்தார். கரகரத்த, ஆனால் தெரு முழுக்கக் கேட்கிற குரலில், "ஏய் அஞ்சுகம், அடுப்புல பால் பொங்குது!" என்றார்.

உள்ளே பால் பொங்கியதோ, அவர் பழைய வாய்தான் திரும்பி வந்ததோ, அவள் கேட்கவில்லை. "பொங்கட்டும்," என்றாள். லூர்துமேரி நீட்டிய முக்காலியை வாங்கிக் குழியிலேயே போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தாள்.